'உப்பு தேவையான அளவு' என்றால் எவ்வளவு?

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டுக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டின் நினைவாக 'ஆரோக்கியமான வீட்டுச் சமையல்' பற்றி ஒரு நூலை எமது சங்கம் வெளியிடலாம் என்ற யோசனை செயற்குழுவிலே வந்திருக்கிறது. வெளிநாடுகளில் இருக்கும் எமது கிளைகளும் சமையற் குறிப்புகளைச் சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கின்றன. நல்ல யோசனை. ஆனால் அந்த வேலையில் இறங்குவதற்கு முன்னர், புத்தகக் கடைகளில் ஏற்கெனவே அடுக்கிக் கிடக்கும் ஆரோக்கியச் சமையல் நூல்கள் எத்தனை வீடுகளில் உண்மையிலே பயன்பட்டிருக்கின்றன என்று யோசித்துப் பார்ப்பது நல்லது. ஒரு நூலைக் கையில் எடுத்ததும், இது எங்கள் வீட்டுக்கு உதவுமா உதவாதா என்று எப்படி அறிவது? அதைப்பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இது பொழுதுபோக்கான விடயம் அல்ல. இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய நீரிழிவு ஆய்வொன்று, 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் ஏறக்குறையப் பத்துப் பேருக்கு ஒருவர் நீரிழிவு உடையவர் என்றும், ஐந்து பேருக்கு ஒருவர் நீரிழிவிலோ அதற்கு முந்திய நிலையிலோ இருக்கிறார் என்றும் காட்டியது. போர் காரணமாக வடக்கும் கிழக்கும் அந்த ஆய்விலே சேர்க்கப்படவில்லை. இன்று எங்கள் பகுதிக் கிளினிக்குகளின் வரிசைகளைப் பார்த்தால், எங்கள் நிலை அதைவிட நல்லது என்று சொல்ல மனம் வராது. கால் புண் ஆறாமல் விரலை எடுக்க வேண்டி வந்தவர்கள், கிழமைக்கு இரண்டு மூன்று தடவை குருதி சுத்திகரிப்புக்கு வருபவர்கள், நாற்பத்தைந்து வயதில் மாரடைப்போடு வருபவர்கள் எல்லோரும் எங்களுடைய ஊர்ச் சனங்கள்தான். அவர்களுடைய அடுப்படியில் நிற்பவர்களில் எங்கள் பாடசாலையில் படித்தவர்களும் இருக்கிறார்கள்.

கிளினிக்குக்குத் துணையாக வரும் மனைவிமார், மகள்மார் சிலர் சமையற் புத்தகத்தையோ, பத்திரிகையிலே வெட்டியெடுத்த குறிப்பையோ கொண்டுவந்து காட்டுவார்கள். "இதைப் பார்த்துத்தான் டொக்டர் சமைக்கிறன். பிறகும் ஏன் இவருக்குச் சீனி இறங்கேல்லை?" என்று கேட்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. புத்தகத்திலே உள்ளபடிதான் சமைக்கிறார்கள். புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் என்ன என்ன போடவேண்டும் என்று இருக்கும். எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று இராது.

திருக்குறளிலே 95ஆவது அதிகாரத்தின் பெயர் 'மருந்து'. அதிலுள்ள பத்துக் குறள்களில் பாதிக்கு மேற்பட்டவை மருந்தைப்பற்றிப் பேசுவதில்லை. முன்னர் உண்டது செரித்ததா என்று பார்த்து, அளவு தெரிந்து சாப்பிடுவதைப்பற்றியே பேசுகின்றன. பாடசாலையிலே இந்த அதிகாரத்தை மனனம் செய்து ஒப்புவித்தோம். ஆனால் ஆரோக்கியச் சமையல் என்று வந்தவுடன் அளவை விட்டுவிட்டுப் புதுப் புதுப் பொருட்களைத் தேடப் போய்விடுகிறோம்.

'வீட்டிலே சமைத்தால் போதும், அது ஆரோக்கியமானது' என்ற எண்ணத்தையும் கொஞ்சம் சோதிக்க வேண்டும். 2012 டிசம்பரில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் ஓர் ஆய்வு வெளிவந்தது. தொலைக்காட்சியில் புகழ்பெற்ற சமையற் கலைஞர்களின், அதிகம் விற்பனையான நூல்களிலிருந்து 100 சமையற் குறிப்புகளை எடுத்தார்கள். சுப்பர் மார்க்கற்றிலே விற்கும், சூடாக்கிச் சாப்பிடும் உணவுப் பெட்டிகளில் 100ஐ எடுத்தார்கள். இரண்டையும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளோடு ஒப்பிட்டார்கள். இருநூறில் ஒன்றுகூட எல்லாப் பரிந்துரைகளுக்கும் பொருந்தவில்லை. ஒரு பேருக்கான அளவில் பார்த்தபோது, கடைப் பெட்டியைவிட நூலிலுள்ள சமையலிலேதான் சக்தியும் கொழுப்பும் நிரம்பிய கொழுப்பும் கூட, நார்ப்பொருள் குறைவு. அந்த நூல்கள் ஆரோக்கிய நூல்கள் என்று சொல்லி விற்கப்பட்டவை அல்ல என்பதையும் சொல்லவேண்டும். ஆனாலும் பாடம் ஒன்று உண்டு. எங்கே சமைத்தோம் என்பது மட்டும் போதாது. என்ன அளவில் சமைத்தோம் என்பதுதான் உடம்புக்குத் தெரியும்.

ஆகவே ஒரு நூலை வாங்குவதற்கு முன்னரும், நாங்கள் ஒன்றை எழுதுவதற்கு முன்னரும் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

முதலாவது கேள்வி: இது எத்தனை பேருக்கு?

ஒரு நூலிலே புட்டுக்கு 500 கிராம் அரிசி மா, 200 கிராம் தேங்காய்ப்பூ என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மாவிலே ஏறக்குறைய 1800 கலோரி, தேங்காய்ப்பூவிலே ஏறக்குறைய 700 கலோரி. மொத்தம் 2500. இதை ஆறு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 400க்குச் சற்று மேல். நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 600க்கு மேல். சம்பலும் சொதியும் வாழைப்பழமும் இன்னும் கணக்கில் வரவில்லை. ஒரே குறிப்பு, ஒரே நீற்றுப்பெட்டி. ஆறு பேருக்கா நாலு பேருக்கா என்ற ஒரு வரி இல்லாவிட்டால், அதை ஆரோக்கியமான புட்டு என்று சொல்வதில் பொருளில்லை. அந்த வரி இல்லாத நூலை அலுமாரியில் அழகுக்கு வைக்கலாம். நீரிழிவுள்ள வீட்டுக்கு அது உதவாது.

இரண்டாவது கேள்வி: உப்பு, எண்ணெய், தேங்காய், சீனி நான்கையும் அளந்து சொல்லியிருக்கிறதா?

எங்கள் நூல்களிலே அடிக்கடி வரும் வாசகம் 'உப்பு தேவையான அளவு' என்பது. யாருடைய தேவை? நாக்கின் தேவையா, குருதிக் குழாயின் தேவையா? வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. அது மட்டமாக வழித்த ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. இப்போது நாலு பேருக்கான மத்தியானச் சாப்பாட்டை எண்ணிப் பாருங்கள். மீன் குழம்புக்கு இரண்டு தேக்கரண்டி, பருப்புக்கு ஒன்று, சொதிக்கும் சம்பலுக்கும் சேர்த்து ஒன்று. நாலு தேக்கரண்டியை நாலு பேர் பங்கிட்டால் ஆளுக்கு ஒன்று. ஒரு நாளுக்குரிய உப்பு ஒரு நேரத்திலேயே முடிந்துவிட்டது. கருவாடு, மாசி, ஊறுகாய், மோர்மிளகாய், அப்பளம், சூப் கட்டி, பாண், பிஸ்கற் ஆகியவற்றில் உள்ள உப்பு இனித்தான்.

எண்ணெயிலும் இதே கதைதான். நல்லெண்ணெய், தேங்காயெண்ணெய், ஒலிவ் எண்ணெய் எதுவானாலும் ஒரு மேசைக்கரண்டியில் இருப்பது ஏறக்குறைய 120 கலோரி. கொழுப்பின் வகையிலே வேறுபாடு உண்டு. தேங்காயெண்ணெயில் நிரம்பிய கொழுப்பு மிக அதிகம், நல்லெண்ணெயில் குறைவு. ஆனால் நல்ல எண்ணெய் என்பதற்காக இரண்டு மடங்கு ஊற்றினால் நிறை குறையாது. "தாளிக்க எண்ணெய் சிறிதளவு" என்று எழுதும் நூலைவிட, "ஆறு பேருக்கு இரண்டு தேக்கரண்டி" என்று எழுதும் நூல் நூறு மடங்கு உதவி.

தேங்காயை முழுதாக விலக்கச் சொல்லும் நூல்களும் உண்டு. எங்கள் வீடுகளிலே அவை ஒரு கிழமைக்குமேல் நின்றுபிடிப்பதில்லை. 100 கிராம் தேங்காய்ப்பூவில் ஏறக்குறைய 33 கிராம் கொழுப்பு இருக்கிறது என்பதைச் சொல்லி, ஒரு நாளைக்கு வீட்டிலே எத்தனை தேங்காய் உடைகிறது என்று எண்ண வைக்கும் நூலே மேல். புட்டுக்கும் தேங்காய்ப்பூ, சம்பலுக்கும் தேங்காய்ப்பூ, சொதிக்கும் முதற்பால் என்று ஒரே வேளையில் மூன்று இடத்தில் தேங்காய் வருகிறது. மூன்றில் ஒன்றை மாற்ற வழி சொன்னால் போதும். சொதியைக் கடைப்பாலில் காய்ச்சி, கடைசியில் முதற்பால் இரண்டு மேசைக்கரண்டி விட்டால் வாசம் குறையாது. சம்பலுக்குப் பதிலாக ஒரு வறையைக் கூட்டலாம்.

மூன்றாவது கேள்வி: பெயரை மாற்றியிருக்கிறார்களா, பொருளை மாற்றியிருக்கிறார்களா?

'சீனி சேர்க்காத இனிப்புகள்' என்ற தலைப்பின் கீழே பனங்கட்டி, தேன், பேரீச்சம்பழம் ஆகியவற்றில் செய்த பண்டங்கள் பக்கம் பக்கமாக இருக்கும். பனங்கட்டி எங்கள் மண்ணின் பொருள். அதில் தாதுப்பொருட்கள் கொஞ்சம் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியேதான். குருதியிலே அது சீனியாகத்தான் ஏறும். சேர்க்கப்பட்ட சீனியோடு தேனில் உள்ளதையும் ஒன்றாகவே எண்ணி, ஒரு நாளைய சக்தியில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக வைக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அது 50 கிராம். அதையும் பாதியாக்கி 25 கிராமுக்குள், அதாவது ஏறக்குறைய ஆறு தேக்கரண்டிக்குள் வைத்தால் மேலும் நல்லது.

குரக்கனும் அப்படித்தான். 100 கிராம் குரக்கனில் 340 மில்லிகிராம் அளவில் கல்சியம் உண்டு. அரிசியைவிட நார்ப்பொருளும் கூட. நல்ல தானியம். ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் மாப்பொருள். 'குரக்கன் புட்டு நீரிழிவுக்காரருக்கு நல்லது' என்று எழுதிவிட்டு அளவைச் சொல்லாமல் விட்டால், வழக்கமாக ஒரு நீற்றுப்பெட்டி சாப்பிட்டவர் பயமில்லாமல் ஒன்றரைப் பெட்டி சாப்பிடுவார். சிவப்பரிசிச் சோறும் இதற்கு விலக்கல்ல.

நான்காவது கேள்வி: திங்கட்கிழமை பின்னேரம், எங்கள் சந்தையில் வாங்கி, எங்கள் அடுப்பில் சமைக்க முடியுமா?

2022இல் விலைகள் ஏறிய ஏற்றத்தை இங்கே இருப்பவர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. மீனும் முட்டையும் பால்மாவும் எட்டாப் பொருளாகிய வீடுகள் பல. அப்படிப்பட்ட வீட்டுக்குச் சல்மன் மீனும் அல்மண்டும் போடச் சொல்லும் நூல் என்ன செய்யும்? சூடை, கீரி போன்ற சின்ன மீன், முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, பயறு, கடலை, கௌபி ஆகியவற்றைக் கொண்டு எழுதப்பட்ட நூல்தான் இங்கே உயிரோடு இருக்கும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் எங்கள் தோழிகளுக்குக் கணக்குத் தலைகீழ். அங்கே ஒரு பிடி முருங்கையிலைக்குக் கொடுக்கும் காசுக்கு ஒரு பை ஸ்பினாச் கீரை வாங்கலாம். 'இது கிடைக்காவிட்டால் இதைப் போடுங்கள்' என்ற வரி உள்ள நூல் இரண்டு இடத்துக்கும் பொருந்தும்.

நேரமும் ஒரு செலவுதான். வேலையால் ஐந்து மணிக்கு வந்து, பிள்ளைகளின் படிப்பையும் பார்த்து, மாமியாருக்கு மருந்தும் கொடுக்கும் ஒரு பெண்ணிடம், நோயாளிக்கு ஒரு சட்டி, மற்றவர்களுக்கு ஒரு சட்டி என்று சமைக்கச் சொல்லும் நூல் அவளையே நோயாளியாக்கும். அப்படி இரண்டு சட்டி வைக்கும் வீடுகளில், மிஞ்சியதைச் சாப்பிடுபவரும் அவளாகவே இருக்கிறாள். ஒரே சட்டியில் எல்லோருக்கும் சமைத்து, கோப்பையில் போடும்போது ஆளுக்கு ஆள் அளவை மாற்றுவதற்கு வழி சொல்லும் நூலே வீட்டுக்கு ஏற்றது. கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், கால்வாசி சோறு அல்லது புட்டு, கால்வாசி மீன், முட்டை அல்லது பருப்பு வகை என்பது நினைவில் வைக்க இலகுவான கணக்கு.

ஐந்தாவது கேள்வி: நோயை மாற்றும் என்று சொல்கிறதா?

இதில்தான் ஆபத்து அதிகம். பாகற்காய்ச் சாறும் வெந்தயமும் நீரிழிவை அடியோடு மாற்றும், மருந்தை விட்டுவிடலாம் என்று எழுதும் நூலை வாங்காதீர்கள், பரிசாகவும் கொடுக்காதீர்கள். சாப்பாட்டை ஒழுங்காக்கினால் மருந்தின் அளவு சிலருக்குக் குறையலாம். அதைக் குருதிப் பரிசோதனை பார்த்து வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். மறுபக்கமும் உண்டு. இன்சுலினோ சில வகை நீரிழிவு மாத்திரைகளோ எடுப்பவர், நூலைப் பார்த்துத் திடீரென்று இராச் சாப்பாட்டை விட்டால், விடியற்புறம் சீனி இறங்கி மயங்கிப் போகலாம்.

எல்லோருக்கும் ஒரே ஆரோக்கியம் இல்லை என்பதையும் நூல் சொல்லவேண்டும். கீரை, வாழைப்பழம், செவ்விளநீர் பொதுவாக நல்லவை. ஆனால் சிறுநீரகம் பழுதடைந்த சிலருக்கு அவற்றிலுள்ள பொற்றாசியம் இதயத்தைப் பாதிக்கும். சோடியம் குறைந்தது என்று விற்கும் சில உப்புகளில் சோடியத்துக்குப் பதிலாகப் பொற்றாசியம் சேர்க்கப்பட்டிருக்கிறது. இப்படிப்பட்டவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது. குருதி உறையாமல் இருக்க வாபரின் மருந்து எடுப்பவர்கள் கீரையைத் திடீரென்று கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குக் கொழுப்புக் குறைந்த சாப்பாடு பொருந்தாது. எண்பது வயதில் உடம்பு வற்றிப்போன அம்மாவுக்குத் தேவை மெலிவதற்கான குறிப்பு அல்ல. முட்டையும் மீனும் பயறும் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதற்கான குறிப்பு. நல்ல நூல் இவற்றை முதற் பக்கங்களிலேயே சொல்லிவிடும்.

இந்த ஐந்து கேள்விகளுக்கும் ஆம் என்று பதில் தரும் தமிழ் நூல் எழுதுவது முடியாத காரியமா? இல்லை. 1951இல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டபோது, சமையல் தெரியாத ஒரு பெண் தாயின் துணையில்லாமலே சமைக்கக்கூடிய விதத்தில் அளவுகளையும் செய்முறையையும் விளக்கமாக எழுதினார். கலியாணம் செய்து தூரதேசம் போகும் பெண்களுக்கு அதைக் கொடுத்தனுப்பியவர்கள் பலர். அந்தக் காலத்துக் கவலை, சமையல் பிழைக்கக் கூடாது என்பது. எங்கள் காலத்துக் கவலை, சாப்பிடுபவர் பிழைக்க வேண்டும் என்பது. அதற்கும் அதே அளவு அக்கறை வேண்டும்.

ஆகவே எமது நூலைப்பற்றிச் சில முன்மொழிவுகள். இருநூறு குறிப்புகள் வேண்டாம். ஒரு மாதத்தில் நாங்கள் திரும்பத் திரும்பச் சமைக்கும் முப்பது பண்டங்கள் போதும். புட்டு, இடியப்பம், தோசை, சோறு, சொதி, பருப்பு, வறை, குழம்பு, கூழ் இவைதான் எங்கள் குருதியின் சீனியைத் தீர்மானிக்கின்றன. புதிதாக ஒரு சலாட் கற்றுக்கொள்வதைவிட, நாளாந்தம் காய்ச்சும் சொதியைத் திருத்துவது பெரிய வேலை.

ஒவ்வொரு குறிப்பிலும் கிராமும் இருக்கட்டும், எங்கள் சுண்டும் தேக்கரண்டியும் இருக்கட்டும். எத்தனை பேருக்கு என்பது தலைப்புக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். அச்சுக்குப் போகமுன், ஒவ்வொன்றையும் ஐந்து வெவ்வேறு வீடுகளிலே சமைத்துப் பார்ப்போம். வன்னியில் ஒரு விறகடுப்பு, யாழ்ப்பாணத்தில் ஒரு காஸ் அடுப்பு, கொழும்புத் தொடர்மாடியில் ஒன்று, லண்டனில் ஒன்று, ரொறன்ரோவில் ஒன்று. எவ்வளவு உப்பு விழுந்தது, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், எவ்வளவு நேரம் எடுத்தது, பிள்ளைகள் இரண்டாம் முறை கேட்டார்களா என்று எழுதி அனுப்பட்டும். பாடசாலையில் மனைப்பொருளியல் செய்முறைக் கொப்பியை ஒழுங்காக எழுதியவர்கள் எங்களிடையே நிறையப் பேர். அந்தக் கொப்பி இப்போது உதவும். அளந்து அளந்து சமைத்தால் கைப்பக்குவம் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்லலாம். முதல் ஒரு மாதம் அளந்தால் போதும். கண்ணும் கையும் புதிய அளவைப் பழகிவிடும், நாக்கும் சில கிழமைகளில் குறைந்த உப்புக்குப் பழகிவிடும்.

நூல் வெளிவரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யலாம். உப்புப் பக்கெற்றை உடைக்கும்போது அதன்மேல் திகதியை எழுதி வையுங்கள். ஆளுக்கு 5 கிராம் என்றால் நாலு பேருள்ள வீட்டில் ஒரு நாளைக்கு 20 கிராம். 400 கிராம் பக்கெற் குறைந்தது 20 நாளைக்கு வரவேண்டும்; மூன்று நேரமும் வீட்டிலேயே சாப்பிடாதவர்கள் இருந்தால் இன்னும் கூட நாள் வரவேண்டும். ஊறுகாய்க்கும் மீன் கழுவவும் எடுப்பதை வேறாக வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய்ப் போத்தலிலும் சீனிப் போத்தலிலும் இதேபோலத் திகதி எழுதுங்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு, வாங்கிய சமையல் நூலால் பயன் உண்டா என்று யாரிடமும் கேட்கத் தேவையில்லை. பக்கெற்றிலே இருக்கும் திகதிகள் சொல்லிவிடும்.

உலகெங்கும் இருக்கும் பழைய மாணவிகள் இந்தத் திகதிகளையும், நீங்கள் அளந்து சமைத்த ஒரே ஒரு குறிப்பையும் செயலாளருக்கு எழுதி அனுப்புங்கள். எமது நூலின் முதற் பக்கங்கள் அவற்றிலிருந்தே தொடங்கட்டும்.